முந்நூற்றெண்பது பங்குகள்

அத்தியாயம் பதினான்கு

காலை ஆறரை மணிக்கே கணக்கரின் மனைவி அளவுநாடாவைக் கையில் எடுத்துவிட்டாள். வாங்கப்போகும் புதிய வீட்டின் படுக்கையறையில் பழைய பீரோ நுழையுமா நுழையாதா என்பது அவளுடைய ஒரு வாரக் கவலை. நாடாவின் மறுமுனையைக் கணக்கர் பிடித்துக்கொண்டிருந்தார். இரண்டு முறை அது அவர் விரலினின்றும் நழுவிற்று.

"இன்னொரு தடவை விட்டீங்கன்னா பீரோவோட உங்களையும் இங்கயே விட்டுட்டுப் போயிடுவேன்" என்றாள் அவள்.

சிரிக்க வேண்டிய இடம் என்று தெரிந்து கணக்கர் சிரித்தார். மனைவி அவர் முகத்தை ஒரு கணம் கூர்ந்து பார்த்தாள். பிறகு பீரோவின் உயரத்தைத் தாளில் குறித்துக்கொள்ளத் திரும்பிவிட்டாள்.

அட்டைப்பெட்டி செய்யும் அந்தக் குடும்பக் கம்பெனியை வெளியூர் நிறுவனமொன்று நாற்பத்து நான்கு இலட்சத்துக்கு முழுமையாக வாங்கிக்கொள்ள முன்வந்தது சென்ற வாரம். நாளைக் காலை பத்து மணிக்குக் கையெழுத்து என்று முடிவாகியிருந்தது. கம்பெனியின் பங்குகள் மூன்றே பேரிடம் இருந்தன. பெரியண்ணனிடம் பன்னிரண்டாயிரம், கடைசித் தம்பியாகிய கணக்கரிடம் நாலாயிரம், நடு அண்ணனின் மனைவியாகிய அண்ணியிடம் முந்நூற்றெண்பது. நடு அண்ணன் இறந்து மூன்று ஆண்டுகள் ஆகிவிட்டன.

இந்தக் கணக்கின்படி கணக்கருக்குப் பத்தே முக்கால் இலட்சம் வரும். அவர் மனைவிக்கு அந்தத் தொகை மனப்பாடம். அண்ணிக்கு வருவது ஓர் இலட்சத்துக்குச் சற்றே மேல். அதனைக் கணக்கர் ஒருவர்தாம் மனப்பாடம் செய்துவைத்திருந்தார். செய்ய விரும்பிச் செய்ததன்று.

கம்பெனி பதிவான நாளில் மூவரும் மூன்று விதமாக முதல் போட்டார்கள். பெரியண்ணன் தம் பெயரிலிருந்த கொட்டகையைக் கொடுத்தார். கணக்கர் தம் சேமிப்பான நான்கு இலட்சத்தை ரொக்கமாகக் கொடுத்தார். அண்ணி, கணவர் விட்டுச்சென்ற அட்டை வெட்டும் இயந்திரத்தைக் கொடுத்தாள். தரை அதிர இயங்குகின்ற காரணத்தால் வீட்டில் எல்லாரும் அதனைப் 'பூதம்' என்றே அழைத்தார்கள்.

ஒரு பங்கின் முகமதிப்பு நூறு. ரொக்கத்தை நூறால் வகுப்பதில் சிக்கலில்லை. கொட்டகைக்கோ, பெரியண்ணன் முன்பே வங்கிக் கடனுக்காக மதிப்பீட்டாளர் ஒருவரை அழைத்துச் சந்தை விலை எழுதி வாங்கியிருந்தார், பன்னிரண்டு இலட்சம். இயந்திரத்துக்கு மட்டும் அப்படிப்பட்ட தாள் எதுவும் இல்லை. ஆனால் நடு அண்ணனின் பழைய பட்டறைக்கும் கணக்கு எழுதியவர் இதே தம்பிதான். பதினைந்து ஆண்டுகளாக ஆண்டுக்கு நூற்றுக்குப் பதினைந்து வீதம் அதன் விலையைத் தேய்மானமென்று தம் கையாலேயே குறைத்துக்கொண்டு வந்திருந்தார். அந்தப் பேரேட்டைத் திறந்தார். கடைசி வரியில் முப்பத்தெட்டாயிரம் என்று இருந்தது. அதனை அப்படியே ஒப்பந்தத்தில் எழுதிவிட்டார்.

அன்று அதில் வஞ்சகம் எதுவுமில்லை. தம் எழுத்தின்மேல் தமக்கிருந்த அளவுகடந்த நம்பிக்கையே அந்தத் தவற்றைச் செய்தது.

வஞ்சகம் எட்டு மாதம் கழித்துத் தொடங்கிற்று. காப்பீட்டுக்காக வந்த அலுவலர் பூதத்தைச் சுற்றிப் பார்த்து, இதே வகைப் பழைய இயந்திரம் இன்று விற்கும் விலையென்று ஆறு இலட்சம் எழுதினார். கணக்கர் அதனைப் படித்தார். முப்பத்தெட்டாயிரத்தையும் ஆறு இலட்சத்தையும் ஒருசேரப் பார்த்தார். அண்ணிக்கு ஆறாயிரம் பங்கு சேர்ந்திருக்க வேண்டும் என்பது அவருக்கு நொடியில் விளங்கிற்று. தாளின் அடியில் கையெழுத்திட்டு, நகலொன்றைத் தம் கோப்பில் வைத்துக்கொண்டு, மூலத்தைப் பெரியண்ணன் கையெழுத்துக்கென்று அனுப்பிவிட்டு வாயை மூடிக்கொண்டார்.

மூடிய வாய் பதினாறு மாதமாகத் திறக்கவில்லை.

*

கொட்டகையில் அவர் நுழைந்தபோது அண்ணி பூதத்தை நிறுத்திவிட்டு அதன் வயிற்றுக்குள் குனிந்திருந்தாள். புதிய பெட்டிக்கான வெட்டு அச்சினை மாட்டியிருந்தாள். முதல் அட்டையை எடுத்து வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, எந்த மூலையில் கத்தி முழுதாக இறங்கவில்லையோ அந்த இடத்தை விரலால் தடவிப் பார்த்தாள். பிறகு அதற்கு நேர் அடியில் மெல்லிய காகிதப் பட்டையொன்றை ஒட்டினாள். ஒரு மயிரிழை உயர்ந்தால் கத்தி சரியாக இறங்கும். இந்த வேலைக்கு அவள் வேறு காகிதம் வாங்குவதில்லை. கணக்கர் கிழித்துப்போடும் தாள்களே அவளுக்குப் போதும்.

"வாங்க தம்பி. உங்க குப்பைக் கூடை காலியாயிட்டே வருது. ஏதாவது தப்பா எழுதிக் கிழிச்சுப் போடுங்க" என்றாள்.

கணக்கர் எழுதுகிறேன் என்பதாக ஏதோ முணுமுணுத்தார்.

அண்ணி கையைத் துணியில் துடைத்துக்கொண்டு, கேட்க நினைத்திருந்த ஒன்றைக் கேட்டாள். வாங்குகிற நிறுவனம் பூதத்தைப் பெயர்த்துத் தன் ஊருக்குக் கொண்டுபோகப் போவதாகப் பெரியவர் சொன்னாராம். அப்படியானால் தனக்கு இங்கே வேலையில்லை. வருகிற பணத்தில் சிறியதாக ஓரிடத்தை வாடகைக்கு எடுத்துச் சொந்தமாக வெட்டு வேலை தொடங்கலாமா என்று யோசிக்கிறாளாம்.

"இதே மாதிரி ஒண்ணு, பழசா வாங்கணும்னா என்ன விலை ஆகும், தம்பி? ஒரு லட்சத்துக்குள்ள வருமா?"

அவள் கேட்டது மிக எளிய கேள்வி. அதன் விடை கணக்கரின் கோப்பில், மேலிருந்து ஏழாவது தாளில் இருந்தது.

"விசாரிச்சுச் சொல்றேன், அண்ணி."

"மெதுவாப் போதும். உங்க அண்ணன் இதை வாங்கினப்போ ஆறு மாசம் அலைஞ்சாரு" என்று சொல்லிவிட்டு அவள் மீண்டும் குனிந்தாள். கணக்கர் அங்கிருந்து நடந்த நடையை ஓட்டமென்றே சொல்லலாம்.

*

வாங்கும் நிறுவனம் அனுப்பியிருந்த தணிக்கையாளர் ஒன்பது மணிக்கெல்லாம் கணக்கறையில் வந்து அமர்ந்துவிட்டார். முப்பது வயதுப் பெண், கடுமையான சளி. ஒவ்வொரு பக்கத்தைப் புரட்டும்போதும் தும்மினார். ஆயினும் எந்தப் பக்கத்தையும் விட்டுவிட்டுப் புரட்டவில்லை.

ரொக்க வரவு, வங்கி, கையிருப்புச் சரக்கு ஆகியவற்றையெல்லாம் அவர் ஒரு மணி நேரத்தில் முடித்தார். அதன்பின் பங்குப் பதிவேட்டை எடுத்தார். விரல் ஓரிடத்தில் நின்றுவிட்டது.

பணமாக வராமல் பொருளாக வந்ததற்குக் கொடுத்த பங்குகள் இரண்டு இனம் என்றும், இரண்டும் ஒரே நாள், ஒரே ஒப்பந்தம் என்றும் அவர் சுட்டினார். கொட்டகைக்கு மதிப்பீட்டாளர் அறிக்கை இருக்கிறது. இயந்திரத்துக்கு எங்கே என்று கேட்டார். கணக்கர் பழைய பேரேட்டை எடுத்து நீட்டினார்.

"இது தேய்மானம் போக மிச்சம், சார். மதிப்பு இல்லையே" என்றார் தணிக்கையாளர். குரலில் குற்றச்சாட்டு இல்லை. மூக்கடைப்பு மட்டுமே இருந்தது. "கட்டடத்தைக் கொண்டுவந்தவருக்குச் சந்தை விலை. மெஷினைக் கொண்டுவந்தவருக்குப் புத்தக விலை. ஏன்?"

 முப்பது ஆண்டுக் கணக்கு வாழ்க்கையில் 'ஏன்' என்ற கேள்விக்கு அவரிடம் எப்போதும் ஒரு தாள் இருந்திருக்கிறது. இன்றும் இருந்தது. அதனை எடுத்துக் கொடுத்தார். காப்பீட்டு நகல்.

தணிக்கையாளர் அதனைப் படித்தார். தேதியையும் படித்திருப்பார். ஆனால் தேதியைப்பற்றி ஒன்றும் கேட்டாரில்லை. வெள்ளைத் தாளொன்றில் இரண்டே வரி எழுதிக் கணக்கர் பக்கம் திருப்பிவைத்தார். இயந்திரக் கணக்கில் ஐந்து இலட்சத்து அறுபத்திரண்டாயிரம் பற்று. பங்குப் பிரீமியக் கணக்கில் அதே தொகை வரவு.

"இந்த ஒரு பதிவைப் போட்டா உங்க புத்தகம் சுத்தம். நாளைக்கு நான் ஆட்சேபணை இல்லாமக் கையெழுத்துப் போடுவேன்" என்றார்.

கணக்கருக்கு மூச்சு வந்தது. இவ்வளவுதானா? ஒரே ஒரு பதிவு. எத்தனையோ மாதமாக நெஞ்சில் கிடந்த கல்லை நகர்த்த இரண்டு வரி போதுமா? பேனாவை எடுத்தார். மூடியைத் திருகினார். எழுதப்போன கை பாதியிலேயே நின்றது.

"இந்தப் பிரீமியம் யாருக்குச் சேரும்?"

"கம்பெனிக்கு."

"கம்பெனின்னா?"

தணிக்கையாளர் மூக்கைத் துடைத்துக்கொண்டு விளக்கினார். மெஷினின் மதிப்பு உயரும். பங்குகளின் எண்ணிக்கை மாறாது. முந்நூற்றெண்பது, முந்நூற்றெண்பதாகவே இருக்கும். கூடுகிற ஐந்தரை இலட்சமும் பங்குதாரர் எல்லாருக்கும் அவரவர் பங்கு விகிதத்தில் பொதுவாகிவிடும். மெஷினைக் கொடுத்தவருக்கென்று தனியாக எதுவும் போகாது.

அதாவது, புத்தகம் சுத்தமாகும். அண்ணி ஏமாந்தவளாகவே இருப்பாள். பிழை திருந்தியதாகப் பதிவாகும். அதன் ஆதாயம் பெரியண்ணனுக்கும் தமக்கும் சேரும். இத்தனை நேர்த்தியான அநியாயத்தைக் கணக்கர் தம் வாழ்நாளில் கண்டதில்லை.

"விடுபட்ட பங்கை இப்பக் கொடுக்க வழி இருக்கா?"

இருக்கிறது என்றார் அவர். மூன்று பங்குதாரர்களும் ஒப்புக்கொண்டு ஒரு தீர்மானத்தில் கையெழுத்திட்டால், அதே மெஷினுக்கு ஈடாக மீதி ஐயாயிரத்து அறுநூற்றிருபது பங்குகளைக் கொடுக்கலாம். ஆனால் விற்பனைக்கு முன்னால் செய்ய வேண்டும். நாளைக் காலை பத்து மணி தாண்டிவிட்டால், பங்குகள் வாங்குகிறவர் கைக்குப் போய்விடும். பிறகு யாரும் எதையும் யாருக்கும் கொடுக்க முடியாது.

"மூணு பேர் சம்மதமும் வேணும், சார். ஒருத்தர் மறுத்தாலும் முடியாது" என்று சொல்லிவிட்டுத் தணிக்கையாளர் தும்மினார்.

கணக்கர் மனக்கணக்குப் போட்டார். அண்ணிக்கு ஆறாயிரம் பங்கு என்றால் அவளுக்குப் பன்னிரண்டு இலட்சம் வரும். பெரியண்ணனுக்கு எட்டு இலட்சத்துக்குமேல் குறையும். தமக்குப் பத்தே முக்கால் எட்டாகும். எட்டில் அந்தப் புதிய வீடு வராது.

*

பெரியண்ணனின் அறை மாடியில் இருந்தது. மேசையில் கணினி இருந்தும் எல்லாவற்றையும் தாளில் எடுத்துத் தருமாறு கேட்பவர் அவர். ஒரு முனை சிவப்பும் மறுமுனை நீலமுமான தடித்த பென்சில் எப்போதும் அவர் விரலிடுக்கில் இருக்கும். தாம் படித்துப் பார்த்த எண்ணின்கீழ்ச் சிவப்பில் சிறிய வளைவொன்று போடுவார். வளைவு இல்லையென்றால் அந்த எண்ணை அவர் படிக்கவில்லையென்று பொருள். கையெழுத்தைப் படிக்காமலேகூடப் போடுவார், வளைவைப் போடமாட்டார்.

கணக்கர் நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னார். 'எல்லாவற்றையும்' என்றால், தணிக்கையாளர் கண்டுபிடித்தவற்றை. தாம் எப்போது அறிந்தார் என்பதை மட்டும் விட்டுவிட்டார்.

பெரியண்ணன் நாற்காலியில் சாய்ந்தார். "ஆறு லட்சமா? அந்தப் பழைய மெஷினா?"

"காப்பீட்டுக்காரங்க போட்ட விலை, அண்ணா."

"அவங்க அப்படித்தான் போடுவாங்க. அதிக விலை, அதிகப் பிரீமியம்." பென்சிலை உருட்டினார். "இப்ப அந்த ஆடிட்டர் பொண்ணு என்ன சொல்லுது? ஒரு பதிவு போட்டாப் போதும்னு தானே? போட்டுடு."

போட்டால் அண்ணிக்கு ஒன்றும் வராது என்று கணக்கர் சொன்னார். சொல்லும்போது தம் குரலில் உறுதி இல்லாததை அவரே கேட்டார்.

பெரியண்ணன் உடனே மறுத்துவிடவில்லை. எழுந்து சன்னலருகே போனார். கீழே பூதத்தின் சத்தம் கேட்டது. அவளைத் தாம் கைவிடப் போவதில்லையென்றும், கையெழுத்து முடிந்த பிறகு தாமாகப் பார்த்து ஏதேனும் தனியே செய்யப்போவதாகவும், பங்கு கிங்கு என்று சொல்லி அவள் மனத்தைக் கலக்க வேண்டாமென்றும் சொன்னார். அவர் கொடியவர் அல்லர். தம்பி இறந்த அன்று முதல் அவன் வீட்டு வாடகையைக் கட்டி வருகிறவர் அவரே. கொடுப்பதில் அவருக்குத் தடையில்லை. அது கடமையென்று பிறர் கேட்பதில்தான் தடை.

கணக்கர் கதவருகே சென்றபோது அவர் திரும்பாமலே சொன்னார்:

"அந்த முப்பத்தெட்டாயிரத்தை எழுதினது உன் கைடா. இப்பப் போய்த் தப்புன்னு சொன்னா, தப்பு யாரோடதுன்னு முதல்ல கேப்பாங்க. யோசிச்சுக்கோ."

படியிறங்கும்போது கைப்பேசி ஒலித்தது. மனைவி. வீட்டுத் தரகர் மாலைக்குள் முடிவு கேட்கிறாராம். இன்னொருவர் வீட்டைப் பார்த்துவிட்டுப் போயிருக்கிறாராம். "சரின்னு சொல்லிடவா?" என்று கேட்டாள். சற்று நேரம் கழித்துச் சொல்வதாகக் கணக்கர் சொன்னார். "உங்க 'சற்று நேரம்' எனக்குத் தெரியும். நான் சொல்லிடறேன்" என்று அவள் வைத்துவிட்டாள்.

*

மதிய இடைவேளை முடிந்து தொழிலாளர்கள் பெட்டி ஒட்டும் பகுதிக்குப் போய்விட்டிருந்தார்கள். வெட்டுப் பகுதியில் அண்ணி மட்டும் இருந்தாள். பூதம் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு கையால் அட்டையை உள்ளே வைத்து மறு கையால் வெட்டியதை எடுத்தாள். பூதத்தின் தாடை மூடுவதற்கும் அவள் கை வெளியே வருவதற்கும் இடையே ஒரு மூச்சு நேரமே இருந்தது. அவள் கையைப் பார்ப்பதேயில்லை. சத்தத்தை வைத்தே வேலை செய்தாள்.

கணக்கர் வந்து நின்ற விதத்தைப் பார்த்து அவளே இயந்திரத்தை நிறுத்தினாள்.

"என்ன தம்பி, விலை விசாரிச்சீங்களா?"

"விசாரிச்சேன் அண்ணி. ஆறு லட்சம்."

அவள் சிரித்துவிட்டாள். "அப்ப நான் இதோட காலை மட்டும்தான் வாங்கலாம்."

"அண்ணி, நீங்க கம்பெனிக்குக் கொடுத்ததும் ஆறு லட்சம் தான். நான் முப்பத்தெட்டாயிரம்னு எழுதிட்டேன்."

தொடங்கிவிட்டதால் நிறுத்த முடியவில்லை. கொட்டகைக்கு ஒரு முழமும் மெஷினுக்கு வேறொரு முழமும் வைத்து அளந்துவிட்டதைச் சொன்னார். முந்நூற்றெண்பது அல்ல, ஆறாயிரம் என்றார். ஒரு இலட்சம் அல்ல, பன்னிரண்டு இலட்சம் என்றார். ஒரு பதிவினால் புத்தகம் சுத்தமாகுமேயன்றி அவளுக்கு எதுவும் வராது என்பதையும், மூன்று கையெழுத்து வேண்டும் என்பதையும், காலையிலேயே பெரியண்ணனிடம் சொல்லிவிட்டதையும், நாளைப் பத்து மணிக்குமேல் ஒன்றும் நடக்காது என்பதையும் சொன்னார். அண்ணி ஒட்டுவதற்காக எடுத்திருந்த காகிதப் பட்டை அவள் கட்டைவிரலிலேயே ஒட்டிக்கொண்டிருந்தது.

"எப்பத் தெரிஞ்சுது?" என்று கேட்டாள்.

பொய் ஒன்று ஆயத்தமாக இருந்தது. அதனைச் செய்யக்கூட அவர் முயலவேண்டியிருக்கவில்லை. தானே வந்து நாவில் நின்றது.

"இன்னிக்குத்தான். அந்தத் தணிக்கையாளர் கண்டுபிடிச்சாங்க."

 அண்ணி விரலிலிருந்த காகிதத்தை உரித்தெடுத்தாள்.

"இன்னிக்குத் தெரிஞ்சு இன்னிக்கே வந்து சொல்றீங்க. உங்களுக்கும் இதுல நஷ்டம் இருக்கு. வேற யாராவதா இருந்தா நாளைக்குப் பத்து மணி வரைக்கும் என் கண்ணுலயே படமாட்டாங்க" என்றாள். அவள் கண் கலங்கியிருந்தது. "உங்க அண்ணன் அடிக்கடி சொல்வாரு, தம்பி எழுதினா நான் திருப்பிப் பார்க்க மாட்டேன்னு."

ஓங்கி ஓர் அறை விட்டிருந்தால் கணக்கர் தாங்கியிருப்பார்.

அண்ணியோ அதற்குள் அடுத்த வேலைக்குப் போய்விட்டாள். பெரியவர் ஆதாரம் கேட்பார். ஆறு இலட்சம் என்று எதை வைத்துச் சொல்கிறாய் என்பார். நெற்றியைத் தேய்த்துக்கொண்டு யோசித்தவள், சட்டென்று சுவரைப் பார்த்தாள்.

"இன்சூரன்ஸ்காரர் ஒருத்தர் வந்து இதைச் சுத்திச் சுத்திப் பார்த்தாரே? அவர் விலை போட்டிருப்பாரே? அந்தத் தாளைத்தானே இங்க மாட்டி வச்சிருக்காங்க?"

தீயணைக்கும் வாளிகளுக்கு மேலே, ஆணியில், பிளாஸ்டிக் உறையொன்று தொங்கிற்று. இயந்திரத்தின் அருகில் காப்பீட்டுத் தாளை மாட்டவேண்டுமென்பது விதி. கணக்கர் பெரியண்ணனிடம் கையெழுத்துக்கு அனுப்பிய மூலத்தாள், அங்கிருந்து நேரே இந்த ஆணிக்கு வந்திருக்கிறது. அதன்பின் அதனை யாரும் தொடவில்லை. அட்டைத் தூசி படிந்து படிந்து உறை பழுப்பு நிறமாகிவிட்டது. உள்ளே ஒரு தாள் இருப்பதே தெரியவில்லை.

பதினாறு மாதமாக அது அவள் தலைக்குப் பின்னால் தொங்கிக்கொண்டிருந்திருக்கிறது.

அண்ணி எட்டி அதனைக் கழற்றினாள். தோளிலிருந்த துணியின் நுனியை எடுத்தாள். துடைத்தால் போதும், எண் தெரியும். எண்ணுக்குக் கீழே தேதி தெரியும். தேதிக்குப் பக்கத்தில் அவருடைய அழகிய, திருத்தமான கையெழுத்து தெரியும்.

"அண்ணி, துடைக்காதீங்க."

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"துடைக்கறதுக்கு முன்னாடி நான் சொல்லிடறேன். இன்னிக்குத் தெரியலை. அந்தத் தாள் வந்த அன்னிக்கே தெரியும். பதினாறு மாசம் ஆச்சு. நான் சொல்லலை."

பெட்டி ஒட்டும் பகுதியிலிருந்து யாரோ சிரிப்பது கேட்டது. அண்ணி அந்த உறையைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். ஏன் என்று கேட்பாளென்று கணக்கர் எதிர்பார்த்தார்.  முதல் வாரம் வெட்கத்தால் சொல்லவில்லை. இரண்டாம் மாதம், முதல் வாரமே சொல்லாமல் போனதால் சொல்லவில்லை. அதன்பின் சொல்லாமலிருப்பதே வழக்கமாகிவிட்டது. இதனைப் பதிலென்று எப்படிச் சொல்வது?

அவள் கேட்கவில்லை. துணியால் உறையை நிதானமாகத் துடைத்தாள். மேலிருந்து கீழாக ஒவ்வொரு வரியாகப் படித்தாள். எண்ணின் மேல் அவள் விரல் நின்றது. பிறகு அந்த விரல் கொஞ்சம் கீழே இறங்கிற்று.

"இது யாரோடது, தம்பி?"

கணக்கர் அருகே சென்று பார்த்தார். ஆறு இலட்சம் என்ற எண்ணின்கீழே சிவப்பில் ஒரு சிறு வளைவு இருந்தது. "பெரியண்ணனோடது. படிச்ச எண்ணுக்குக் கீழதான் போடுவாரு" என்றார்.

கையெழுத்தைப் படிக்காமல் போடுகிறவர், வளைவைப் படிக்காமல் போடமாட்டார்.

அப்போது கணக்கரின் மனம் செய்த காரியத்தை அவர் பின்னாளில் பலமுறை நினைத்து நாணப்போகிறார். முதலில் அவருக்கு வந்தது கோபமன்று, துயரமுமன்று, ஆறுதல். தாம் மட்டுமல்லர், அண்ணனும் அறிந்திருக்கிறார் என்னும் ஆறுதல். பாரத்தில் பாதி இறங்கியதுபோல் தோள் தளர்ந்தது. அடுத்த கணமே, எதிரில் நிற்பவள்மேல் அந்தப் பாரம் இரட்டிப்பாக ஏறியிருப்பதைக் கண்டார்.

"காலையில நீங்க சொன்னப்போ பெரியவர் என்ன சொன்னாரு?"

"ஆறு லட்சமா, அந்தப் பழைய மெஷினான்னு கேட்டாரு."

அண்ணி தலையசைத்தாள். தாளை உறையிலிருந்து உருவி, நான்காக மடித்து, இடுப்பில் செருகிக்கொண்டாள். வெறும் உறையை மட்டும் மீண்டும் ஆணியில் மாட்டினாள். பூதத்தின் விசையருகே போய் நின்றவள், அதனைத் தட்டுமுன் திரும்பினாள்.

"நாளைக்கு ஒன்பது மணிக்கு நான் பெரியவர் அறைக்கு வருவேன். நீங்களும் அங்க இருக்கணும். இன்னிக்கு என்கிட்ட ரெண்டு விதமாச் சொன்னீங்க, தம்பி. அங்க வந்து ரெண்டாவது விதமாச் சொல்லணும்."

"அவர் கையெழுத்துப் போடலைன்னா?"

"அது அப்புறம்" என்றாள். "முதல்ல நீங்க சொல்றீங்களான்னு பார்க்கறேன்."

பூதம் அதிர்ந்து எழுந்தது. அவள் கை அட்டையை வைத்தது, எடுத்தது, வைத்தது. அதன்பின் அவரை அவள் ஏறிட்டும் பார்க்கவில்லை.

கணக்கர் தம் அறைக்குத் திரும்பினார். தணிக்கையாளர் எழுதித் தந்த இரண்டு வரித் தாள் மேசையில் அப்படியே கிடந்தது. கைப்பேசியில் மனைவியின் செய்தி வந்திருந்தது: 'பீரோ நுழையும். ஒரு அங்குலம் மிச்சம்கூட இருக்கு. தரகர்கிட்டச் சொல்லிட்டேன்.'

அவர் உட்கார்ந்தார். பதிலாக ஒரு வரி எழுதி, அழித்து, வேறொன்று எழுதினார்.

'நாடாவைச் சுருட்டி வை. வீட்டுக்கு வந்ததும் உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்.'